மாற்றாமல் வைத்த நோட்டு

தலைநகர் சோபியாவின் மாணவர் குடியிருப்பில், நான்காம் மாடி அறையொன்றில் மூன்று பெண்கள் தங்கியிருந்தார்கள். அவர்களில் நெவ்யானாவுக்கு நிதியமைச்சர் என்று பெயர். வைத்தவள் போன்கா. தொப்ருஜா சமவெளியிலிருந்து வந்த, வாய் ஓயாத, பெரிய உடம்புக்காரி. மூன்றாமவள் ருசாலினா. தெற்கே ரொதோபி மலையில், மதான் சுரங்க ஊரிலிருந்து வந்தவள். மூவரும் வேதியியல் இரண்டாமாண்டு.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. மாதம் பிறந்ததும் மூவரின் உதவித்தொகையும் ஒரே தகர டப்பாவுக்குள் போகும். டப்பாவின் சாவி என்று ஒன்று கிடையாது, ஆனால் நெவ்யானா சம்மதிக்காமல் அதில் யாரும் கை வைப்பதில்லை. பணம் கைக்கு வந்த ஒரு மணி நேரத்திலேயே அவள் கடைத்தெருவுக்கு ஓடுவாள். வெள்ளைப் பயறு, உருளைக்கிழங்கு, எண்ணெய், உப்பு, சோப்பு என்று மூட்டை கட்டிக்கொண்டு வருவாள். தாளாக வைத்திருந்தால் வாரக்கடைசிக்குள் பாதியாகிவிடும். அந்தக் குளிர்காலத்தில், தொண்ணூற்றாறு முடிந்து தொண்ணூற்றேழு பிறந்த குளிர்காலத்தில், எல்லோருடைய பணமும் அப்படித்தான் இருந்தது. அக்டோபரில் நாற்பது லெவாவுக்கு விற்ற ரொட்டி பிப்ரவரியில் நானூற்றைம்பதுக்குப் போனது. காலையில் ஒரு விலை, மதியம் ஒரு விலை. அன்றைய விலை முடிவாகாத கடைகளில் "சரக்குக் கணக்கெடுப்பு" என்று அட்டை எழுதிக் கதவில் தொங்கவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பார்கள்.

"கணக்கெடுப்பாம். நாலு நாளா எத எண்றானுங்க? அலமாரியில இருக்கறது ரெண்டு வினிகர் பாட்டில்," என்பாள் போன்கா.

"நீ வரிசைய விட்டு நகராத. எண்ணெய் வருதாம்," என்பாள் நெவ்யானா.

அவள் அவ்வளவு கறாராக இருந்ததற்குக் காரணம் இருந்தது. தன்யூப் கரையிலுள்ள லோம் துறைமுகத்தில் அவளுடைய அப்பா பளுதூக்கி ஓட்டுபவர். இருபது வருஷம் சேர்த்த பணம் மொத்தத்தையும் ஒரு வங்கியில் போட்டு வைத்திருந்தார். போன வசந்தத்தில் அந்த வங்கி மூடிக்கொண்டது. அவர் ரயிலேறி சோபியாவுக்கு வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் மூன்று நாள் நின்றார். அந்த மூன்று நாளும் நெவ்யானா வகுப்பு முடிந்ததும் பயற்றுக் கஞ்சியை ஜாடியில் ஊற்றி எடுத்துப்போய்க் கொடுத்தாள். அவர் நின்றபடியே குடிப்பார். நாலாம் நாள் ரயில் நிலையத்தில் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "இனிமே என்னால அனுப்ப முடியாதும்மா. உன்னப் பாத்துக்கோ."

அவளுடைய அண்ணன் லியூபென் சரக்குப் படகில் வேலை பார்த்தான். ஜெர்மனி வரை ஆற்றோடு போய் வருவான். புத்தாண்டுக்கு ஊருக்குப் போனபோது அவளைத் துறைமுகத்து வேலிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஒரு நோட்டைக் கையில் அமுக்கினான். ஐம்பது ஜெர்மன் மார்க்.

"அப்பாகிட்ட சொல்லாத. யார்கிட்டயும் சொல்லாத. இத மாத்தவும் மாத்தாத. மாத்துனா லெவா ஆயிடும், லெவா ஆனா தண்ணிதான்."

"எப்ப மாத்தலாம்?"

"வேற வழியே இல்லன்னா. படிப்பு நிக்கற மாதிரி ஆச்சுன்னா."

அவள் அதைத் தன் மேல்கோட்டின் உட்துணியைப் பிரித்து உள்ளே வைத்துத் தைத்துக்கொண்டாள். அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தை விட அது அதிகம். அறைத் தோழிகளிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று அண்ணன் சொன்னது ஒரு சாக்கு. மூவரும் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போடுவது என்று விதி போட்டவளே அவள்தான். அதைச் சொன்னால் அதுவும் டப்பாவுக்குள் போக வேண்டும். நூலைக் கடித்து அறுத்தபோது அவளுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது.

ஜனவரி முழுக்கத் தெருவில் ஊர்வலமும் மறியலும். அறையில் சூடேற்றும் குழாய் காலையில் ஒரு மணி நேரம் மட்டும் வெதுவெதுக்கும். மூவரும் மேல்கோட்டோடு ஒரே கட்டிலில் நெருக்கி உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தார்கள். வாய்பாட்டையும் சமன்பாட்டையும் மாறி மாறி ஒப்பித்தார்கள். ருசாலினா அதிகம் பேசமாட்டாள். ஆனால் வாரம் ஒருமுறை கீழே வாயில்காவலர் அறையிலிருந்து ஊருக்குத் தொலைபேசி செய்துவிட்டு வரும்போது முகம் இன்னும் இறுகியிருக்கும். அவளுடைய அப்பா இருபத்தெட்டு வருஷம் ஈயச் சுரங்கத்தில் இறங்கியவர். நுரையீரல் போய்விட்டிருந்தது. நவம்பரில் ஒரு தரம், கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு தரம், ஆள் பிழைக்கமாட்டார் என்று செய்தி வந்து அவள் ஓடினாள். இரண்டு முறையும் அவர் எழுந்து உட்கார்ந்து, "எதுக்கு வீணா காசச் செலவழிச்சுட்டு வந்த?" என்று அவளையே கடிந்துகொண்டார்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை மதியம் தந்தி வந்தது. "அப்பாவுக்கு மோசம். வா. அம்மா."

ருசாலினா அதை மேசைமேல் வைத்தாள். மூவரும் படித்தார்கள். நெவ்யானா டப்பாவைத் திறந்து எண்ணினாள். ஆயிரத்து முந்நூறு லெவா இருந்தது. மதானுக்குப் பேருந்துச் சீட்டு போக மட்டும் நாலாயிரத்து இருநூறு ஆகியிருந்தது. திங்கள் வரை மூவாயிரமாக இருந்தது.

"பக்கத்து ரூம்ல கேட்டுப் பாக்கறேன்," என்று போன்கா எழுந்தாள். இரண்டு மாடி ஏறி இறங்கினாள். அரை மணியில் எண்பது லெவாவும் ஒரு ஜாடி மிளகாய் விழுதும் கொண்டுவந்தாள். "காசு இல்லையாம். இத வச்சுக்கன்னு குடுத்தாங்க. இதக் காட்டி பஸ்ல ஏற முடியுமா?" என்றவள், ருசாலினாவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

"லாரி எதாவது?" என்றாள் ருசாலினா.

"டீசலே இல்ல. மலையில பனி வேற. நடுவழியில நின்னா என்னடி பண்ணுவ?" நெவ்யானா டப்பாவை மூடினாள். பிறகு, தான் யோசித்து வைத்த கணக்கைச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்: "வெள்ளிக்கிழம உதவித்தொக வருது. மூணு பேரோடதும் சேத்து நீயே எடுத்துக்கோ. போகவும் வரவும் ஆயிடும். மூணு நாள்தான். ரெண்டு தடவ இப்படித்தான் வந்துச்சு, நல்லாத்தானே ஆனாரு."

"தாங்குவாரா?"

"தாங்குவாருடி. சுரங்கத்துல இருந்த உடம்பு."

ருசாலினா தலையசைத்தாள். அவள் நம்பினாள். நெவ்யானா கணக்கில் தப்பு செய்து அவர்கள் யாரும் பார்த்ததில்லை.

அன்று மாலையும் புதன் முழுதும் நெவ்யானா மேல்கோட்டைக் கழற்றவேயில்லை. குளிருக்காக என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். ஒரு சீட்டுக்காக அந்த நோட்டை மாற்றினால் எண்பதாயிரத்துக்கு மேல் லெவா வரும். நாலாயிரம் போனால் மிச்சம் எழுபத்தைந்து, எண்பதாயிரம். அந்த மிச்சம்தான் அவளைப் பயமுறுத்தியது. கடையில் வாங்கச் சரக்கில்லை. பையில் வைத்தால் பத்து நாளில் பாதி. பூட்டிய வங்கிக் கதவின் முன் நின்றுகொண்டு கஞ்சி குடித்த அப்பாவின் தொண்டை அவள் கண்ணுக்குள் வந்து வந்து போனது. நோட்டில் ஒரு துண்டை மட்டும் கிழித்து மாற்ற முடிந்தால் மாற்றியிருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்று நாள்தானே என்றும் சொல்லிக்கொண்டாள். புதன்கிழமை மதியம் நாணயப் பரிமாற்றக் கடை வாசல் வழியாக நடந்து போனாள். பலகையில் எண்களை அழித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நின்று பார்த்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வாயில்காவலர் மாடியேறி வந்து கதவைத் தட்டினார். வயதானவர், நாலு மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. பொதுவாகக் கீழிருந்தே கூப்பிடுவார்.

"மதான் பொண்ணு யாரும்மா? போன் வந்துச்சு. லைன் கட் ஆயிடுச்சு." அவர் தொப்பியைக் கழற்றினார். "விடிகாலையில போயிட்டாராம்."

ருசாலினா அழவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்துத் துணிகளை எடுத்து வைக்கத் தொடங்கினாள். ஒரு காலுறையை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். போன்கா அவளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு அழுதாள்.

நெவ்யானா வெளியே போனாள். முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள். மேல்கோட்டின் உட்துணி கிழிந்து தொங்கியது. கத்தரி தேட அவளுக்குப் பொறுமை இருக்கவில்லை. காகிதப் பையிலிருந்து லெவாக் கட்டுகளை மேசையில் வைத்தாள். அந்த அறையில் அவ்வளவு பணத்தை அவர்கள் ஒன்றாகப் பார்த்ததில்லை.

"பத்தரைக்கு பஸ் இருக்கு. சீட்டு வாங்கிட்டுத்தான் வரணும்னு பாத்தேன், ஆள் நேர்ல வரணும்னுட்டாங்க," என்றாள் ஒரே மூச்சில்.

ருசாலினா கட்டுகளைப் பார்த்தாள். "இது எங்கேருந்து வந்துச்சு?"

"என்கிட்ட இருந்துச்சு. அண்ணன் குடுத்தது. அம்பது மார்க்."

"எப்ப குடுத்தாரு?"

பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. நேற்று என்று சொல்லியிருக்கலாம். "புது வருஷத்துக்கு," என்றாள் நெவ்யானா.

 ருசாலினா மேசைக்கு வந்து ஒரு கட்டைப் பிரித்தாள். எண்ணினாள். போக ஒரு சீட்டுக்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும் எடுத்துக்கொண்டாள். மிச்சத்தை நெவ்யானா பக்கம் தள்ளினாள்.

"இத நீ வச்சுக்கோ. கரையறதுக்குள்ள எதாவது வாங்கிடு."

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ ருசா. சாவு வீட்டுக்குச் செலவு இருக்கும்."

"வேணாம்."

போன்கா பையைத் தூக்கிக்கொண்டு அவளோடு பேருந்து நிலையம் வரை போனாள். நெவ்யானாவும் கிளம்பி மாடிப்படி வரை வந்தாள். அங்கேயே நின்றுவிட்டாள். திரும்பி வந்த போன்கா கதவைச் சாத்திவிட்டு, "எனக்கும் சொல்லலையேடி," என்றாள். பிறகு ஒரு வாரம் அவளை நிதியமைச்சர் என்று கூப்பிடவில்லை. அதற்குப் பிறகும் கூப்பிடவில்லை.

மேசையில் கிடந்த பணத்தில் நெவ்யானா கிடைத்ததையெல்லாம் வாங்கினாள். இருபது கிலோ மாவு, சூரியகாந்தி எண்ணெய், யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்து விற்ற சர்க்கரை. மீதித் தாள்கள் டப்பாவில் கிடந்தன. பதினைந்து நாளில் ஒரு வேடிக்கை நடந்தது. புது இடைக்கால அரசு வந்து, மார்க்கின் விலை ஏறுவதற்குப் பதில் இறங்கத் தொடங்கியது. மார்ச் நடுவில் பலகையில் ஐம்பது மார்க்குக்குப் பழைய தொகையில் ஏறக்குறையப் பாதிதான் எழுதியிருந்தது. மாற்றாமல் வைத்திருந்தால் நஷ்டப்பட்டிருப்பாள். பரிமாற்றக் கடைக்கு முன்னால் நின்று அதை இரண்டு முறை படித்தாள். 

ருசாலினா ஒன்பது நாள் கழித்துத் திரும்பினாள். கறுப்பு உடுத்தியிருந்தாள். வேறு அறை கிடைக்கவில்லை, கிடைத்திருந்தால் போயிருப்பாள். காலையில் வணக்கம் சொன்னாள், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், பாடக் குறிப்பு கேட்டால் கொடுத்தாள். ஆனால் உதவித்தொகையை டப்பாவில் போடவில்லை. ஜன்னல் விளிம்பில் தனக்கென்று ஒரு ரொட்டி, ஒரு வெங்காயம், ஒரு சின்னப் பாட்டில் எண்ணெய் வைத்துக்கொண்டாள். போன்கா சமைத்துத் தட்டில் போட்டுக் கொடுத்தால், "பசியில்ல," என்பாள். ஒரு தரம் போன்கா பொறுக்க முடியாமல் தட்டை அவள் மடியில் வைத்துவிட்டு, "இது என் பங்கு மாவுலேருந்து பண்ணது. அவளோடது ஒரு பிடி கூட இதுல இல்ல. தின்னு," என்றாள். அன்றைக்குச் சாப்பிட்டாள்.

நெவ்யானா மன்னிப்புக் கேட்கப் பலமுறை வாயெடுத்தாள். எப்படித் தொடங்கினாலும் அது சீட்டு விலையில் போய் நின்றது. வெள்ளிக்கிழமை என்று சொன்னது அவள்தான். தாங்குவார் என்று சொன்னதும் அவள்தான். பணத்தை மறைத்தது ஒரு தப்பு. காத்திரு என்று சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. அது யாரும் குறை சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது.

நாற்பதாம் நாள் நினைவுச் சடங்கு மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் வந்தது. ருசாலினா வெள்ளிக்கிழமையே போய்விட்டாள். நெவ்யானா யாரிடமும் சொல்லாமல் மறுநாள் அதிகாலைப் பேருந்தைப் பிடித்தாள். மடியில் நாலு கிலோ சர்க்கரை இருந்தது. அந்த மாதம் மலையூர்களில் சர்க்கரை கிடைக்கவில்லை என்று போன்கா எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள்.

மதானில் பனி உருகிச் சேறாகியிருந்தது. வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த இரங்கல் தாளின் படத்தில் ருசாலினாவின் அப்பா சுரங்கத் தொப்பி இல்லாமல், தலைவாரிய தோற்றத்தில் இருந்தார். அவரை அவள் அப்போதுதான் முதன்முதலில் பார்க்கிறாள். உள்ளே பெண்கள் வேகவைத்த கோதுமையைத் தட்டங்களில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். ருசாலினா நிமிர்ந்து பார்த்தாள்.  சர்க்கரைப் பையை வாங்கிப் பிரித்துக் கோதுமைமேல் தூவத் தொடங்கினாள்.

ருசாலினாவின் அம்மா கொடுனா சின்ன உருவம். நெவ்யானாவின் பேரைக் கேட்டதும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் முகத்தை இரு கையாலும் பிடித்தாள்.

"நீதானா அந்தப் பொண்ணு? ருசா சொன்னா. கையில காசில்லாம நின்னப்ப நீதான் சீட்டுக்குக் குடுத்தியாமே. உங்க அண்ணன் குடுத்த பணத்த உடைச்சுக் குடுத்தியாம். நல்லா இருப்ப கண்ணு. உன்னாலதான் எம்பொண்ணு அவ அப்பாவ மண்ணுக்குள்ள வைக்கறதுக்கு முன்னாடி பாத்தா."

நெவ்யானா வாயைத் திறந்தாள். கொடுனாவின் தோளுக்குப் பின்னால் ருசாலினா நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெவ்யானா வாயை மூடிக்கொண்டாள். கொடுனா அவள் கையில் ஒரு கரண்டிக் கோதுமையை வைத்தாள். வழக்கப்படி, "கடவுள் அவரை மன்னிக்கட்டும்," என்று சொல்லி நெவ்யானா அதைச் சாப்பிட்டாள். 

கல்லறைக்குப் போய் வந்து, எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின், ருசாலினா அவளைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டாள். வழியில் நெவ்யானா சொன்னாள்: "உங்கம்மாகிட்ட உண்மையச் சொல்லிடறேன் ருசா. என்னால அந்த நன்றிய வாங்க முடியல."

"சொல்லாத."

"நான் குடுத்தேன்னு அவங்க நெனச்சுட்டு இருக்காங்க. நான் குடுக்காததுதானே…"

"எனக்குத் தெரியும் நீ என்ன பண்ணன்னு." ருசாலினா நின்றாள். முதல்முறையாக அவள் குரல் உயர்ந்தது, அதுவும் கொஞ்சம்தான். "அவங்ககிட்ட நான் பொய் சொல்லல. நீ குடுத்த, நான் வாங்கிட்டு வந்தேன். தந்தி செவ்வாக்கிழம வந்துச்சுன்னு சொல்லல, அவ்வளவுதான். அவங்க தந்தி லேட்டா வந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டாங்க. அப்பா புதன்கிழம முழுக்க வாசலப் பாத்துட்டு இருந்தாராம். நான் செவ்வாக்கிழமையே கெளம்பியிருக்கலாம்னு தெரிஞ்சா அவங்க தூங்குவாங்களா? உன் பாரத்த எறக்கறதுக்கு எங்கம்மா தோள் கெடையாது. நீயே தூக்கு."

பேருந்து வந்தது. நெவ்யானா ஏறிக்கொண்டாள்.

அவள் தூக்கினாள். வருஷக்கணக்காகத் தூக்கினாள். படிப்பு முடிந்து அவள் ஊர் திரும்பியபின், ஒவ்வொரு அக்டோபரிலும் லோமுக்கு ஒரு பொட்டலம் வரும். கொடுனா தன் தோட்டத்தில் விளைந்த வெள்ளைப் பயறு, கையால் பின்னிய காலுறை, நாலு வரிக் கடிதம். "என் பொண்ணுக்கு நீ செஞ்சத மறக்கமாட்டேன்." நெவ்யானா பதில் எழுதுவாள். தோட்டத்தைப் பற்றி, வானிலையைப் பற்றி, தான் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாகச் சேர்ந்ததைப் பற்றி, கல்யாணத்தைப் பற்றி, மகள் பிறந்ததைப் பற்றி எழுதுவாள். பயற்றைச் சமைக்காமல் விட்டதில்லை. குடும்பத்தார் சுவைத்துச் சாப்பிடுவார்கள். கணவன் ஒருமுறை, "இவங்க யாரு, சொந்தமா?" என்று கேட்டான். "கூடப் படிச்சவளோட அம்மா," என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

பள்ளியில் அவளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. ஊரிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மாதச் செலவை எப்படிப் பிரிப்பது, எதை முதலில் வாங்குவது என்று சொல்லிக் கொடுப்பாள். கடைசியாக ஒன்று சொல்வாள்: "வீட்டுக்கு வரச் சொல்லி யாராவது கூப்பிட்டா, காசு இருக்கான்னு பாக்காத. எனக்குப் போன் பண்ணு." நாலைந்து பேர் அப்படிப் போன் செய்திருக்கிறார்கள். ஒருத்தனுக்குப் பாட்டி சாகவேயில்லை, வெறும் காய்ச்சல்தான். அனுப்பிய பணத்தை அவள் திரும்பக் கேட்கவில்லை.

கொடுனா எழுபத்தொன்பதாவது வயதில் இறந்தாள். ருசாலினா போன் செய்தாள். அவளுக்கு ப்லோவ்திவ் நகரில் மருந்து ஆலை ஒன்றில் வேலை, இரண்டு பையன்கள். இத்தனை வருஷத்தில் அவர்கள் பேசியது பத்துத் தடவை இருக்கலாம். நெவ்யானா அன்றே கிளம்பிப் போனாள். அடக்கம் முடிந்து, வந்தவர்கள் கலைந்தபின், இருவரும் அடுக்களையில் தட்டங்களைக் கழுவினார்கள்.

"இனிமே நீ யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்கலாம்," என்றாள் ருசாலினா, தட்டத்தைத் துடைத்தபடி.

நெவ்யானா யோசித்தாள். "யார்கிட்ட சொல்றது?"

"அதுவும் சரிதான்."

 பிறகு ருசாலினா குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "நான் உன்ன மன்னிச்சுட்டேனான்னு எனக்கே தெரியலடி. கோவம் போயிடுச்சு. அது எப்ப போச்சுன்னு கூடத் தெரியல. ஆனா அப்பா வாசலப் பாத்தாருன்னு நெனச்சா, உன் மொகமும் கூடவே வருது. அத என்ன பண்றதுன்னு தெரியல."

"எனக்கும் அப்படித்தான்," என்றாள் நெவ்யானா.

மறுநாள் காலை ருசாலினா அவளைத் தன் காரில் ப்லோவ்திவ் ரயில் நிலையம் வரை கொண்டுவந்து விட்டாள். மலைப்பாதையில் மூன்று மணி நேரம். மூத்த பையன் வெளிநாட்டில் படிக்கப் போக வேண்டும் என்று அடம்பிடிப்பதை, அதற்கு ஆகும் செலவை, போன்கா ஸ்பெயினில் உணவகம் வைத்து இன்னும் பெருத்துப் போனதைப் பேசிக்கொண்டு வந்தார்கள். நிலையத்தில் வண்டியை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திவிட்டு ருசாலினா நடைமேடை வரை வந்தாள். ரயில் கிளம்பும்வரை நின்றாள்.

"போனதும் போன் பண்ணு," என்றாள்.

நெவ்யானா லோம் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள்.